அயான் இன்ஜின்ல எலக்ட்ரானையும் ஏன் வெளிய விடறாங்க?

மதுரை வேலு:
அயான் த்ரஸ்டர் பத்தி படிச்சிட்டிருக்கேன். செனான் கேஸ்ல இருந்து எலக்ட்ரானைப் பிச்சிட்டு, மிச்சமிருக்கற பாசிட்டிவ் அயானை ஓட்டை ஓட்டையா இருக்கற கிரிட் வழியா ஹை வோல்டேஜ்ல தள்றாங்க, அதுல விண்கலம் முன்னாடி போகுது, இதுவரை புரியுது. ஆனா பக்கத்துலயே நியூட்ரலைசர்னு ஒண்ணு எலக்ட்ரானை வெளிய விட்டுட்டே இருக்கு. எலக்ட்ரானோட எடைக்கு அதுல உந்துவிசையே வராதே, அப்புறம் எதுக்கு அது?

கதிர்வீச்சு:
அது இல்லன்னா இன்ஜினே ஓடாது ப்ரோ. பாசிட்டிவ் மட்டும் வெளிய போய்ட்டே இருந்தா கலத்துல நெகட்டிவ் சார்ஜ் ஏறிட்டே போகும், ஒரு செகண்ட் கூட ஆகாது, விட்ட அயானையே கலம் திரும்ப இழுக்க ஆரம்பிச்சிடும், அப்புறம் தள்ளினதுக்கு அர்த்தமே இல்ல. உள்ள பிச்ச எலக்ட்ரானை எப்படியாச்சும் வெளிய அனுப்பியே ஆகணும், அந்த வேலைதான் நியூட்ரலைசருக்கு.

சுபா_திருச்சி:
இதுக்கு ஜப்பானோட ஹயபுசா விண்கலம்தான் சரியான உதாரணம். அதுல ஏ, பி, சி, டி-னு நாலு அயான் இன்ஜின். இதோகவா குறுங்கோளுக்குப் போய்ட்டு திரும்பி வரும்போது 2009 நவம்பர்ல டி இன்ஜின் நின்னுபோச்சு, காரணம் நியூட்ரலைசர் தேஞ்சது. பி இன்ஜின்லயும் அயான் பக்கம் நல்லாருக்கு, நியூட்ரலைசர்தான் காலி. ஏ இன்ஜினை ஏவின கொஞ்ச நாள்லயே நிறுத்தி வச்சிட்டதால அதோட நியூட்ரலைசர் புதுசாவே இருந்துச்சு. அதனால பி-யோட அயானையும் ஏ-யோட எலக்ட்ரானையும் சேர்த்து ஒரே இன்ஜினா ஓட்டிட்டாங்க! இப்படி ஒரு நாள் தேவைப்படலாம்னு சர்க்யூட்ல முன்னாடியே ஒரு பைபாஸ் டயோடு (ரெண்டு இன்ஜினுக்கு நடுவுல கரண்ட் போக ஒரு மாத்து வழி) போட்டு வச்சிருந்தாங்க, அந்த இன்ஜினியர்களை எவ்ளோ பாராட்டினாலும் தகும். 2010 ஜூன் 13 அன்னிக்கு குறுங்கோள் மண்ணோட அதோட கேப்ஸ்யூல் ஆஸ்திரேலியா வூமரால வந்து இறங்குச்சு.

மதுரை வேலு:
அடேங்கப்பா! ஆனா ரெண்டும் தனித்தனி இன்ஜின், தள்ளித் தள்ளி இருக்கு, எலக்ட்ரான் எப்படி அந்த அயான்கிட்ட போய்ச் சேரும்?

சுபா_திருச்சி:
வெளிய போற அயான் கூட்டமே பாசிட்டிவா இருக்கறதால எலக்ட்ரானை அதுவே இழுத்துக்கும் வேலு, எலக்ட்ரான் ரொம்ப லேசு, கொஞ்ச தூரம்லாம் அதுக்கு ஒரு விஷயமே இல்ல. நஷ்டம் என்னன்னா ஒரு இன்ஜினோட தள்ளுதான் கிடைக்கும், செனான் மட்டும் ரெண்டு இன்ஜின் அளவுக்குச் செலவாகும். டேங்க்ல மிச்சம் இருந்ததால தப்பிச்சாங்க.

கதிர்வீச்சு:
ஹால் த்ரஸ்டர்னு இன்னொரு வகை இருக்கு, அதுல கிரிட்டே இல்ல, அதையும் பாருங்க. வெளிய இருக்கற கேத்தோடு (எலக்ட்ரானை விடற முனை) விடற எலக்ட்ரான்ல ஒரு பங்கு உள்ள போய் காந்தப்புலத்துல மாட்டி சுத்திட்டே செனான்ல மோதி அதை அயானாக்கும், மிச்சம் வெளிய போற அயானோட சேரும். 2023ல கிளம்பின நாசாவோட சைக்கி விண்கலம் அதுலதான் போய்ட்டிருக்கு.