கல்லூரிக் கால்பந்து அரங்குகள்: இருக்கைகளின் எண்ணிக்கையா, வேறு ஏதேனுமா?

கேள்வி (மூன்றாம்வரிசை):

சென்ற அக்டோபரில் ஆன் ஆர்பர் நகருக்குச் சென்று, மிச்சிகன் பல்கலைக்கழக அரங்கில் அமெரிக்கக் கால்பந்து ஆட்டம் ஒன்றை முதன்முறையாக நேரில் பார்த்தேன். 1,07,601 பேர் அமரக்கூடிய அரங்கு என்று கேள்விப்பட்டுப் போனவனுக்குச் சாலையிலிருந்து பார்த்தபோது அது அவ்வளவு உயரமாகத் தெரியவில்லை. உள்ளேயும், அத்தனை பெருங்கூட்டத்துக்கு நான் எதிர்பார்த்த இரைச்சல் எழவில்லை. இருந்தும், எனக்கு அருகில் அமர்ந்திருந்த முதியவர் முப்பது ஆண்டுகளாக அதே பெஞ்சுக்கு வருவதாகப் பெருமையுடன் கூறினார். அவரைக் கட்டிப்போட்டது எது என்று எனக்கு விளங்கவில்லை. இந்தப் பருவத்தில் இன்னும் ஒரே ஓர் அரங்குக்குப் போகத்தான் விடுப்பும் பணமும் இடம்கொடுக்கும். எதை வைத்து அதைத் தேர்ந்தெடுப்பது என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில் 1 (பழையமாணவன்):

நான் அங்கே படித்தவன் என்பதால் என் பேச்சைச் சற்றுத் தள்ளுபடி செய்தே வாசியுங்கள். 1927இல் திறக்கப்பட்ட அந்த அரங்கின் பெரும்பகுதி நிலமட்டத்துக்குக் கீழே தோண்டி அமைக்கப்பட்டது. அதனால்தான் வெளியிலிருந்து பார்க்கும்போது அதன் அளவு தெரிவதில்லை. வாசலுக்குள் நுழைந்து நடைபாதையின் விளிம்புக்கு வந்ததும், மொத்தக் கிண்ணமும் காலுக்குக் கீழே திடீரென்று விரியும் அந்த ஒரு நொடிக்காகவே நான் இன்றும் போகிறேன். இரைச்சல் குறைவு என்ற உங்கள் கணிப்பு சரிதான். ஒரே அடுக்காக, சரிவு குறைவாக, அகன்று விரிந்த கிண்ணத்தில் எழும் ஒலி வானத்துக்குத் தப்பிவிடுகிறது. 2010இல் இருபுறமும் எழுப்பப்பட்ட உயரமான கட்டடங்கள் அதை ஓரளவு தடுத்துத் திருப்புகின்றன என்றாலும், வடிவத்தின் குறையை முழுவதும் மாற்ற இயலாது.

உங்கள் முதியவரைப் பொறுத்தவரை, 1975 நவம்பரிலிருந்து, பெருந்தொற்றால் பார்வையாளர்களை அனுமதிக்காத 2020 பருவம் நீங்கலாக, அங்கு நடந்த ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஒரு லட்சம் பேருக்கு மேல் வந்திருக்கிறார்கள். தான் போகாவிட்டால் அந்தக் கணக்கில் ஒருவர் குறைந்துவிடும் என்று நினைக்கிறவர்கள் அந்த ஊரில் நிறைய உண்டு.

சத்தம்தான் வேண்டுமென்றால், சொல்லவே கசக்கிறது, எங்கள் பரம எதிரியான ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்கு கொலம்பஸ் நகரில் உள்ள அரங்குக்குப் போங்கள். 1922இல் குதிரைலாட வடிவில், மேலடுக்குடன் கட்டப்பட்ட அரங்கு அது. பார்வையாளர்கள் ஆடுகளத்தின் தலைமேல் நிற்பதுபோல் இருக்கும்.

பதில் 2 (ஆற்றங்கரை):

கொலம்பஸ் நல்லதுதான், ஆனால் ஒரே ஓர் அரங்கு என்றால் லூசியானாவின் பேட்டன் ரூஜ்தான். லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் (எல்.எஸ்.யு.) டைகர் அரங்கில் வெயிலின் கொடுமைக்கு மாற்றாக 1931இலேயே விளக்கொளியில் ஆடத் தொடங்கிவிட்டார்கள். அன்றுமுதல் சனிக்கிழமை இரவு ஆட்டம் அந்த ஊரின் திருவிழாவாகவே ஆகிவிட்டது. மதியமே கூடாரம் அடித்து, பெரிய பாத்திரங்களில் அந்த ஊர் உணவுகளான கம்போ என்ற குழம்பும் ஜம்பலாயா என்ற சோறும் கொதிக்க, முன்பின் தெரியாதவரையும் அழைத்துத் தட்டை நீட்டுவார்கள். ஆட்டம் தொடங்குவதற்குள் ஒரு லட்சம் பேரும் பசியாறி, தொண்டையைத் தயார்செய்துகொண்டு உள்ளே வருகிறார்கள் என்பதை மறக்கக் கூடாது. அங்கு எழும் சத்தத்தில் பாதி அந்த மதியத்தில் விளைவதுதான்.

1988 அக்டோபர் 8ஆம் தேதி ஆபர்ன் பல்கலைக்கழக அணிக்கு எதிராக, ஆட்டம் முடிய இரண்டு நிமிடத்துக்கும் குறைவாக இருக்கும்போது நான்காவதும் கடைசியுமான முயற்சியில் டாமி ஹாட்சன் வீசிய பந்தை எடி ஃபுல்லர் எதிரணியின் எல்லைக்கோட்டுக்கு அப்பால் பிடித்து டச்டவுன் ஆக்கி ஆறு புள்ளிகள் பெற்றுத் தந்தார். எல்.எஸ்.யு. 7-6 என்று வென்ற அந்த ஆட்டத்தில் கூட்டம் குதித்த அதிர்வு, பல்கலைக்கழகப் புவியியல் துறையின் நிலநடுக்கப் பதிவுக் கருவியில் கோடாக விழுந்தது.

பதில் 3 (மழைக்காலம்):

நீங்கள் இருவரும் லட்சத்துக்குக் கீழே இறங்கவே மறுக்கிறீர்கள். சியாட்டிலில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஹஸ்கி அரங்கில் எழுபதாயிரம் பேர்தான் அமரலாம். ஆனால் இருபுற மேலடுக்குகளின் மீதும் நீண்டு நிற்கும் கூரைகள் ஒலியைப் பிடித்து ஆடுகளத்தின் மீதே திருப்பி ஊற்றுவதால், 1992இல் நெப்ராஸ்கா பல்கலைக்கழக அணிக்கு எதிரான இரவு ஆட்டத்தில் 130 டெசிபலுக்கு மேல் பதிவானது. 2013இல் முடிந்த புதுப்பிப்பின்போது ஆடுகளத்தைச் சுற்றியிருந்த ஓட்டப்பாதையை அகற்றி, இருக்கைகளை நெருக்கமாகக் கொண்டுவந்ததும் பெரிய மாற்றம். திறந்திருக்கும் கிழக்கு முனையில் வாஷிங்டன் ஏரி; படகில் வந்து கரையில் கட்டிவிட்டு, படகிலேயே விருந்து முடித்து ஆட்டத்துக்கு நடந்து வருபவர்களை அங்கே பார்க்கலாம்.

அழகு மட்டும் போதாது என்பதற்கு கலிஃபோர்னியாவின் பாசடீனா நகரில் உள்ள ரோஸ் பவுல் அரங்கு உதாரணம். சான் கேப்ரியல் மலைகள் பின்னணியில் நிற்க, அந்தி வெளிச்சம் விழும்போது அதற்கு இணையான காட்சி இல்லை. ஆனால் லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் (யு.சி.எல்.ஏ.) 1982இல் அங்கு ஆடத் தொடங்கியபோது, தன் வளாகத்திலிருந்து நாற்பது கிலோமீட்டர் தள்ளிய இடத்தைத் தேர்ந்தது. விடுதியிலிருந்து நடந்து வர முடியாத மாணவர்கள் எத்தனை முறைதான் பேருந்தில் வருவார்கள்? நான் போன நாளில் என் வரிசையில் பாதி காலி.

பதில் 4 (சோளக்காடு):

அயோவா பல்கலைக்கழகத்தின் கினிக் அரங்கை யாருமே குறிப்பிடவில்லை. முதல் கால் பகுதி முடிந்ததும், எதிரணி ரசிகர்கள் உட்பட அனைவரும் அரங்கை ஒட்டி நிற்கும் குழந்தைகள் மருத்துவமனையின் மேல்மாடியை நோக்கிக் கையசைப்பார்கள். சன்னல்களிலிருந்து குழந்தைகள் திருப்பிக் கையசைப்பார்கள். 2017இல் தொடங்கிய வழக்கம்தான். நான் பார்த்தபோது என் பக்கத்திலிருந்தவர் அழுதுகொண்டிருந்தார். நான் அழவில்லை என்று சொல்ல மாட்டேன்.

மூன்றாம்வரிசை:

அனைவருக்கும் நன்றி. கினிக் மனத்தைத் தொட்டது. ஆனால் விமானக் கட்டணம் சியாட்டிலைத்தான் காட்டுகிறது. நவம்பர் ஆட்டத்துக்கு என்னென்ன எடுத்துச் செல்ல வேண்டும்?

மழைக்காலம்:

மழைக்கோட்டு கட்டாயம், குடையை உள்ளே விடமாட்டார்கள். உடைமைகளை உள்ளே இருப்பது வெளியே தெரியும் பிளாஸ்டிக் பையில் வையுங்கள். வண்டி எடுக்க வேண்டாம், ரயில் நிலையம் அரங்கின் வாசலிலேயே இருக்கிறது. மேலடுக்கில் கூரைக்குக் கீழே, ஏரி தெரியும் பக்கமாகப் பார்த்து டிக்கெட் எடுங்கள்.