வாய்க்காலில் குப்பை கொட்டும் பழக்கத்தை நாடகத்தால் மாற்ற முடியுமா?

செல்லூரான்:
வணக்கம். மதுரை செல்லூரில் பந்தல்குடி வாய்க்காலை ஒட்டிய தெருக்களுக்காக நாங்கள் ஐந்து பேர் ஒரு வீதி நாடகம் உருவாக்கி வருகிறோம். சென்ற ஆண்டு இதே நோக்கத்தோடு போட்ட நாடகத்துக்குக் கைதட்டல் நிறையக் கிடைத்தது; மறுநாள் காலையில் அதே இடத்தில் குப்பைப் பைகளும் கிடந்தன. மக்களோடு இருந்து அவர்கள் வாழ்வை அறியும் மானிடவியல் வழியில் அணுகிப் பாருங்கள் என்கிறார் ஒரு நண்பர். எங்கிருந்து தொடங்குவது?

களப்பணி:
நாடகத்தை ஒத்திவையுங்கள். முதல் உலகப் போர்க் காலத்தில் நியூ கினிக்கு அருகேயுள்ள டிரோப்ரியாண்ட் தீவுகளில் கூடாரமடித்துத் தங்கிய மானிடவியலாளர் மாலினோவ்ஸ்கியும், 1950-ஐ ஒட்டி மதுரைக்கு மேற்கே பிரமலைக் கள்ளர் ஊர்களில் ஆய்வு செய்த பிரெஞ்சு மானிடவியலாளர் லூயி துமோனும் அம்மக்களைத் திருத்தப் போகவில்லை. அம்மக்கள் செய்வதற்கு அவர்களுக்குள் என்ன நியாயம் இருக்கிறது என்று அறியவே போனார்கள். நீங்களும் பத்து நாள் விடியற்காலையில் கரையில் உட்கார்ந்து, யார், எந்நேரத்தில், எதைக் கொண்டு வருகிறார் என்று பாருங்கள். ‘ஏன் கொட்டுகிறீர்கள்?’ என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள், அது வம்புக்கு இழுப்பதாகவே காதில் விழும். ‘நேற்று மீன் கழுவிய கழிவை எங்கே போட்டீர்கள்?’ என்று கேட்டால் ஒரு நாளின் கதையே வந்துவிடும். இடம் தவறிக் கிடக்கும் பொருளே அழுக்கு என்பது மானிடவியலாளர் மேரி டக்ளஸ் 1966-இல் விளக்கிய கருத்து. வாசலைப் பெருக்கிக் கோலமிட்ட கையே அந்தக் குப்பையை வாய்க்காலில் தள்ளுகிறது என்றால், அவருக்கு வாய்க்கால் எந்த மாதிரியான இடம் என்பதைத்தான் நீங்கள் கண்டறிய வேண்டும்.

கரைவீட்டுக்காரி:
நான் அந்தக் கரையில்தான் குடியிருக்கிறேன். ஆறரை மணிக்கெல்லாம் வேலைக்குப் புறப்படுகிறோம். குப்பை வண்டி வர ஒன்பது ஆகிறது. ஒற்றை அறை வீட்டில் மீன் செதிலை மாலை வரை எங்கே வைப்பது? உங்கள் நாடகத்தையும் பார்த்தேன் தம்பி. குப்பை கொட்டுபவளாக வந்தவர் அழுக்குச் சேலை கட்டி, தலையை விரித்துப் போட்டிருந்தார். எங்கள் தெருவில் அப்படி யாரும் இல்லை. ஆகவே வேறு யாரையோ கேலி செய்கிறீர்கள் என்று நாங்களும் சேர்ந்து சிரித்தோம்.

செல்லூரான்:
அந்தச் சேலையைத் தேர்ந்தெடுத்தவன் நான்தான், அக்கா. வண்டி வரும் நேரத்தை நாங்கள் விசாரிக்கவே இல்லை. திங்கட்கிழமை ஐந்து மணிக்கு வந்து உங்கள் திண்ணையில் உட்காரலாமா?

கரைவீட்டுக்காரி:
தாராளமாக வாருங்கள். கேமராவை மட்டும் எடுத்து வர வேண்டாம்.