தண்ணீரில் கரைந்த நடிகை

லண்டனில் வேலை பார்த்த காலத்தில், சனிக்கிழமைச் சந்தை ஒன்றில் பழைய ஆல்பம் ஒன்றை ஏழு பவுண்டுக்கு வாங்கினேன். உள்ளே இருபதுக்கும் மேற்பட்ட சிகரெட் அட்டைகள், அதாவது சிகரெட் பொட்டலத்துக்குள் வைத்துக் கொடுத்த பட அட்டைகள். எல்லாம் 1900ஐ ஒட்டிய ஆண்டுகளில் லிவர்பூலின் ஆக்டன் நிறுவனம் 'கினி கோல்ட்' சிகரெட்டோடு கொடுத்தவை. இரண்டு விரல் அகலம்தான். ஆனால் அச்சுப் படமல்ல, அசல் புகைப்படம். பாதிக்கு மேல் மேடை நடிகைகள்.

சிறுவயதில் ஊரில் தீப்பெட்டிப் படம் சேர்த்தவன் நான். அந்தத் துணிச்சலில், பசை போட்டு ஒட்டியிருந்த ஒரு நடிகையைத் தாளோடு வெட்டி வெதுவெதுப்பான தண்ணீரில் மிதக்கவிட்டேன். தீப்பெட்டிப் படம் அப்படித்தான் உரிந்து வரும். பத்து நிமிடத்தில் அட்டை தாளைவிட்டு வந்தது. கூடவே படமும் கொழகொழவென்று எழும்பியது. கட்டைவிரல் பட்ட இடத்தில் இடது கன்னம் வழுக்கி என் நகக்கண்ணுக்குள் போய்விட்டது. தொப்பியின் இறகு மட்டும் சேதமில்லாமல் நின்றது. இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை என்றால் நம்புவீர்களா?

அமெரிக்காவில் 1880களில் சிகரெட் மெல்லிய காகிதப் பொட்டலத்தில் வந்தது. உள்ளே சிகரெட் நசுங்காமல் இருக்க ஓர் அட்டை. அந்த அட்டையில்தான் நடிகைகள் ஏறினார்கள். டியூக் சிகரெட் நிறுவனம் இதில் எல்லை மீறிப் போனதால், 1894இல் தந்தை வாஷிங்டன் டியூக்கே இந்தப் படங்களை நிறுத்தச் சொல்லி மகனுக்குக் கடிதம் எழுதினார். அதே 1880களில் லண்டனில் நடிகை லில்லி லாங்ட்ரி, பியர்ஸ் சோப்புக்குத் தன் பெயரையும் நற்சான்றையும் விளம்பரமாகக் கொடுத்தார். என் அட்டையில் இருந்தவளோ சிகரெட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. முகத்தைக் காட்டிக்கொண்டு நின்றாள், அவ்வளவுதான். அதையும் நான் கரைத்துவிட்டேன்.

* * *

இதைப் படித்த ஒருவரின் பதில்: ஐயா, உங்கள் ஆல்பத்தில் பசை போட்டு ஒட்டியவரை ரொம்பவும் திட்டாதீர்கள். நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் முன்அனுமதி வாங்கி, அமெரிக்க அட்டைச் சேகரிப்பாளர் ஜெபர்சன் பர்டிக்கின் ஆல்பங்களைப் பார்த்தேன். மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட அட்டைகளும் அச்சுத் தாள்களும் கொண்ட சேகரிப்பு. இன்று சேகரிப்பவர்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள்: மனிதர் எல்லாவற்றையும் பசை போட்டே ஒட்டியிருக்கிறார்! மூட்டுவாதத்தால் விரல்கள் மடங்கிப்போன நிலையிலும் ஆண்டுக்கணக்காக ஒட்டியவர், 1963 ஜனவரியில் முடித்தார், மார்ச்சில் இறந்துவிட்டார். நடிகைகள் பக்கம் பக்கமாக இன்னும் அங்கே சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். நீங்கள் போனால் தண்ணீர்ப் பாட்டிலை வெளியிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.