காது அடைத்துப்போய் அழுக்கு எடுத்தவர்கள், நடந்ததைச் சொல்லுங்கள்

கடைக்குட்டி:
குளித்துவிட்டுத் தலை துவட்டும்போது வலது காது டப்பென்று அடைத்துக்கொண்டது. தண்ணீர்தான் என்று ஒற்றைக் காலில் குதித்தேன், விடவில்லை. ஈஎன்டி டாக்டர் லைட் அடித்துப் பார்த்துவிட்டு "பட்ஸ் போடுவீங்களோ?" என்று கேட்டு, நான் வாய் திறப்பதற்குள் சிரித்தும் விட்டார். உள்ளே இருந்த குறும்பி தண்ணீரில் ஊறி உப்பிவிட்டதாம். கரைய சொட்டு மருந்து கொடுத்தார், அதைப் போட்டதும் அடைப்பு இன்னும் கூடும் என்று யாரும் சொல்லவில்லை, பயந்தே போனேன். அப்புறம் சிரிஞ்சால் தண்ணீர் பீய்ச்சினார்கள். தட்டை நானே காதுக்குக் கீழே பிடித்திருந்தேன், அழுகின பேரீச்சம்பழத் துண்டு மாதிரி ஒன்று விழுந்தது. அந்த நொடியில் ஃபேன் சத்தம், வெளியே ஆட்டோ, என் சட்டைக் காலர் உரசுவது எல்லாம் ஒரே நேரத்தில் காதுக்குள் பாய்ந்தது பாருங்கள், எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

வடக்குமாசி:
உங்களுக்குக் கண் கலங்கியது, எனக்கு அறையே சுற்றியது. குழாய்த் தண்ணீரை அப்படியே பிடித்து அடித்துவிட்டார் அந்தக் கம்பவுண்டர். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுக்கிறேன், "காலைல சாப்பிடலையா சார்?" என்கிறார். சாப்பிட்ட இட்லிதான் ஐயா தரையில் கிடக்கிறது! தண்ணீர் உடம்புச் சூட்டில், 37 டிகிரியை ஒட்டி இருக்க வேண்டும், குளிர்ந்திருந்தால் உள்காதில் இருக்கும் திரவம் அசைந்து தலை சுற்றும் என்று பிறகு படித்தேன். இதை விளக்கிய ராபர்ட் பாராணிக்கு 1914-க்கான நோபல் பரிசே கொடுத்திருக்கிறார்கள். எங்கள் தெரு கிளினிக்குக்கு அந்தச் சேதி இன்னும் வந்து சேரவில்லை.

செக்கெண்ணெய்:
இதற்கெல்லாம் டாக்டரா? தேங்காய் எண்ணெயைக் காய்ச்சி நாலு சொட்டு விட்டால் தானாக வந்துவிடும். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் பாட்டி வைத்தியம்தான், ஒருவருக்கும் காது போகவில்லை.

மூக்குக்கண்ணாடி:
செக்கெண்ணெய், காய்ச்சியா? காதுக்குள் இருப்பது எவ்வளவு மெல்லிய தோல் தெரியுமா? என் கதை சின்னது. நாள்கணக்கில் வறட்டு இருமல், சிரப் மாற்றி மாற்றிக் குடித்தும் நிற்கவில்லை, கடைசியில் காதைச் சுத்தம் செய்ததும் நின்றது. காதுத் துளையின் தோலுக்கும் தொண்டைக்கும் ஒரே நரம்பில் கிளை போகிறதாம். டாக்டர் கருவியை உள்ளே வைத்ததும் நான் இருமினேன், "பாத்தீங்களா" என்றார், அந்த முகம் இன்னும் நினைவிருக்கிறது.

சரி, பட்ஸ்காரர்களுக்கு ஒன்று. குறும்பி சுரப்பது துளையின் வெளிப்பகுதியில் மட்டும்தான். தோல் மெல்ல வெளிப்பக்கம் நகர்ந்துகொண்டே இருக்கும், மெல்லும்போது தாடை அசைவதும் அதைத் தள்ளிக்கொண்டு வரும். பட்ஸ் அதைத் திரும்பவும் உள்ளே திணிக்கிறது. ஹேர்பின், சாவி பற்றிப் பேசவே வேண்டாம். சொட்டு மருந்து விட்டால் ஒருக்களித்து ஐந்து நிமிடமாவது படுங்கள், உடனே எழுந்தால் தலையணைதான் குடிக்கும். செவிப்பறையில் ஓட்டை இருந்தாலோ சீழ் வந்தாலோ காதில் ஆபரேஷன் செய்திருந்தாலோ எண்ணெய், தண்ணீர், சொட்டு எதையும் நீங்களாக விடாதீர்கள். சர்க்கரை இருப்பவர்கள் காதைக் குடைந்து புண்ணாக்கினால் சில சமயம் எலும்பு வரைக்கும் போய்விடும். காதில் செருகிக் கொளுத்தினால் அழுக்கை உறிஞ்சிவிடும் என்று காது மெழுகுவர்த்தி விற்கிறார்களே, எரிந்தபின் அடியில் தெரிவது அந்த மெழுகுவர்த்தியின் சொந்த மெழுகு.

வடக்குமாசி:
கேட்டது அனுபவம், நீங்கள் வகுப்பே எடுத்துவிட்டீர்கள். இருமல் கதை மட்டும் புதுசு.

நாகலிங்கப்பூ:
அப்பாவின் காது மிஷின் ஓயாமல் விசில் அடித்தது, புதுசு வாங்கச் சொன்னார்கள், விலையைக் கேட்டு வீடே மௌனமாகிவிட்டது. பார்த்தால் மிஷினில் கோளாறே இல்லை, காது நிறைய அழுக்கு. மிஷின் போடுபவர்களுக்கு வெளியே வர வழி அடைபடுவதால் சேருமாம். அப்பாவுக்குப் பழைய ஓட்டை இருப்பதால் தண்ணீர் கூடாது, உறிஞ்சி எடுக்கிறோம் என்கிறார்கள். அப்படி எடுத்தவர்கள் யாராவது இருந்தால் உள்ளே சத்தம் எப்படி இருக்கும் என்று சொல்லுங்கள், வரமாட்டேன் என்று அடம் பிடிக்கிறார்.