ஓக் ஒயின் மணத்தைப் பிரிச்சுப் பார்க்க வழி சொல்லுங்க

ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில், வீட்டில் வைத்தே ஓக் மரப் பீப்பாயில் ஊறிய ஷார்டனே (வெள்ளை ஒயின்), கேபர்னே (சிவப்பு ஒயின்) சுவைத்து மதிப்பெண் போடுகிறோம். வெள்ளை 12 டிகிரி, சிவப்பு 17, கிளாசுக்கு 50 மில்லி. இந்த வெக்கையில் சிவப்பு சட்டென்று சூடேறி, ஆல்கஹால் நெடி மரம் தரும் வெனிலா, கிராம்பு மணத்தை அமுக்கிவிடுகிறது. ஃபேன் போட்டால் மணம் பறக்கிறது. ஜன்னலைத் திறந்தால் கருவாட்டு வாசம், அதோடு எந்த ஒயின் மல்லுக்கட்டும்?

தேங்காய் மணம் தூக்கலென்றால் அமெரிக்க ஓக் என்று யூகிக்கலாம். சிக்கல் வெள்ளையில்தான்: வெண்ணெய் மணம் பெரும்பாலும் மாலோலாக்டிக் நொதித்தலில் (பாக்டீரியா ஒயினின் கடும் புளிப்பை மென்மையான லாக்டிக் அமிலமாக மாற்றுவது) வருவது, மரத்தில் அல்ல. மரம் படாத ஸ்டீல் தொட்டி ஷார்டனேயைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் பிரிபடுமா? அதிலும் மாலோலாக்டிக் நடந்திருக்கலாமே, லேபிளில் பெரும்பாலும் போடுவதில்லை.

சிவப்போடு மீன் சேர்ப்பதில்லை. ஒயினிலுள்ள இரும்பு கவிச்சியைக் கிளப்பும். இடையில் வாய் சுத்தமாக உப்பில்லாத பிரெட் தவிர வேறென்ன வைக்கலாம்?