புதுப்பிப்பு: ரோமின் அவுரேலிய மதிலில் ஏறி நடக்க

ரோமில் பழைய நகரைக் காக்கக் கட்டிய அவுரேலிய மதிலை வெளியிலிருந்து பார்க்கும் வழியை முன்பு எழுதியிருந்தேன். பலரும் கேட்டது ஒன்றுதான்: மேலே ஏற முடியுமா?

முடியும். போர்ட்டா சான் செபாஸ்தியானோ வாசலுக்குள் மதில் அருங்காட்சியகம் இருக்கிறது, கட்டணம் கிடையாது. திங்கள் விடுமுறை, மற்ற நாட்களில் மதியம் 2 மணிக்கே மூடிவிடுவார்கள். மதிலின் மேல்நடை பராமரிப்புக்காக அவ்வப்போது அடைக்கப்படும் என்பதால் கிளம்பும் முன் அவர்கள் இணையதளத்தைப் பாருங்கள். 118ஆம் எண் பேருந்து பக்கத்தில் நிற்கும். நடந்து போகிறவர்கள் கவனம்: அந்தப் பக்கச் சாலைகளில் பல இடங்களில் நடைபாதையே இல்லை, வண்டிகள் உரசிக்கொண்டு போகும்.

மேலே போனால் அவசரப்படாதீர்கள். கி.பி. 271இல் தொடங்கிய மதில் இன்றைய உயரத்தில் பாதிதான். 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பேரரசர் ஹொனோரியஸ் காலத்தில்தான் உயர்த்தினார்கள். மூடிய நடைக்கூடமும் அம்பு எய்யும் பிளவுகளும் அப்போது வந்தவை. சில இடங்களில் பழைய கொத்தளப் பற்களின் (மதில் உச்சியில் பல்வரிசை போல நிற்கும் மேடுகள்) இடைவெளியைச் செங்கல்லால் அடைத்த கோடு வெளியிலிருந்தே தெரியும். காலைச் சாய்வெயிலில் இன்னும் தெளிவு. வாசலின் உட்பக்கச் சுவரில் 1327இல் கீறிய அதிதூதர் மிக்கேலின் உருவத்தையும் தேடிப் பாருங்கள், ஆட்கள் கவனிக்காமலே கடந்துவிடுகிறார்கள்.

அங்கிருந்து மதிலின் வெளிப்புறமாகவே மேற்கே நடந்தால் செஸ்தியஸ் பிரமிடு, பிரமிடு வடிவில் கட்டிய பழைய ரோமானியக் கல்லறை. தனியாக இடித்து அகற்றாமல் அந்தக் கல்லறையையே மதிலில் ஒரு துண்டாகச் சேர்த்துவிட்டார்கள், வேலை மிச்சம்! எதிரே பிராமிதே மெட்ரோ, பி வழித்தடம்.