ஊறல் போட்டேன், சாராயத்துக்கு அல்ல

பாலக்கோட்டிலிருந்து எழுதுகிறேன். போன ஆண்டு தக்காளி விலை விழுந்தபோது பறிகூலிக்கே கட்டுப்படியாகவில்லை. வெடித்த பழம் ஐந்து பெட்டி மிஞ்சியது. சாலையோரம் கொட்ட மனம் வராமல், செடிக்கு உரமாகட்டும் என்று நீல டிரம்மில் போட்டு மிதித்து, இரண்டு கிலோ வெல்லமும் புளித்த மோரும் சேர்த்து மூடியை இறுக்கி வைத்தேன். நான்காம் நாள் இரவு மூடி பறந்தது. மாட்டுக்கொட்டகைச் சுவரெல்லாம் சிவப்பு. காலையில் பக்கத்து வீட்டுப் பெரியவர் மூக்கைச் சுளித்தபடி, "ஊறல் போட்டிருக்கிறாயாப்பா?" என்றார். எங்கள் பக்கத்தில் அது விளையாட்டான கேள்வி அல்ல!

மிஞ்சியதை வடிகட்டி அப்படியே கத்தரி நாற்றுக்கு ஊற்றினேன். இரண்டே நாளில் இலையோரம் கருகிவிட்டது. நன்றாகப் புளித்த நீரின் பி.எச். அளவு 4-க்குப் பக்கத்தில் வந்துவிடும் (இந்த எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்). அந்தப் புளிப்புதான் தழைச்சத்தை (நைட்ரஜனை) அம்மோனியாவாகப் பறந்துபோகாமல் பிடித்துவைக்கிறது. தக்காளியின் சாம்பல்சத்தும் (பொட்டாசியம்) நீரோடு கரைந்து வந்துவிடுகிறது. எல்லாம் சரி, இளம் வேர் தாங்க வேண்டாமா? இப்போது ஒரு பங்குக்கு 100 பங்கு தண்ணீர் கலக்கிறேன். சக்கையை ஓரடிப் பள்ளத்தில் செம்மண்ணோடு கலந்து மூடி, இரண்டு வாரம் கழித்துத்தான் நாற்று நடுகிறேன். அதற்குள் மண் புளிப்பை விழுங்கிவிடுகிறது. கிளறிப் பார்த்தால் சுருண்ட தோல் நாலைந்துதான் கிடக்கிறது. மேலே வெள்ளைப் பூஞ்சணம் படர்ந்தால் கவலையில்லை. கறுத்து அழுகல் நாற்றம் அடித்தால் ஊறல் கெட்டுவிட்டது.

*

அண்ணா, நான் காவேரிப்பட்டணம். சிறிய மெஸ் நடத்துகிறேன். மிஞ்சிய சோறு, சாம்பார், ஊறுகாய் எல்லாவற்றையும் ஒன்றாகப் புளிக்கவைத்து மூன்று மாதம் மா நாற்றுக்கு ஊற்றினேன். இலை நுனி காய்ந்தது, மண்மேல் வெள்ளையாகப் பூத்தது. உப்பு. எங்கள் போர் தண்ணீரே உவர்ப்பு, அதன்மேல் இது வேறு. இப்போது காய்கறித் தோல், கழுநீர், பழச்சக்கை மட்டும்தான் டிரம்முக்குப் போகின்றன. சாம்பார் மாட்டுக்கும் கிடையாது, மண்ணுக்கும் கிடையாது. அளவாகச் சமைக்கக் கற்றுக்கொண்டேன்.

*

கிருஷ்ணகிரி அணைப் பக்கம் மீன் கடைகளில் தலையும் குடலும் இலவசமாகவே கிடைக்கின்றன. எடைக்கு எடை வெல்லம் சேர்த்து 21 நாள் மூடிவைத்தேன், மூடியை மட்டும் இறுக்கவில்லை. நாற்றம் போய்ப் பழவாசனை வந்தது. பத்து லிட்டர் தண்ணீருக்கு 100 மில்லி கலந்து தெளிக்கிறேன். அடியில் தங்கிய முள்ளைத் தென்னை வட்டப்பாத்தியில் புதைத்தேன். அன்றிரவே தெருநாய்கள் தோண்டிவிட்டன. மறுநாள் இரண்டடி ஆழத்தில் மறுபடி புதைத்து, மேலே இலந்தை முள்ளை வெட்டிப் பரப்பியிருக்கிறேன்.